டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறந்திருக்கிறதா? தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது, அதாவது குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் நிலை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சட்னி காரமாக இருந்தால் தட்டைத் தள்ளிவிடுவாள், பிடித்த பாட்டு ஓடினால் ஆடாமல் உட்காரமாட்டாள். அவளை வளர்ப்பதில் எங்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. எந்தக் காகிதத்தை எந்த மேசையில் கொடுப்பது என்று தெரியாமல் அலைந்ததும், போகிற இடமெல்லாம் அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசியவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றதும்தான் ஆளைத் தின்றுவிட்டது. அந்த இரண்டையும் உங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக்கத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. முதலில் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்குங்கள்

குழந்தையின் முகத்தைப் பார்த்தே டாக்டர் சொல்லிவிடுவார். ஆனாலும் உறுதி செய்வது 'கேரியோடைப்பிங்' என்ற குரோமோசோம் பரிசோதனைதான். கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். தனியார் லேபில் சுமார் 3,000 முதல் 5,000 ரூபாய் ஆகும். செல்களை வளர்த்துப் பார்ப்பதால் முடிவு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

'முகத்திலேயே தெரிகிறதே, இதற்கு ஏன் செலவு' என்று விட்டுவிடாதீர்கள். டவுன் சிண்ட்ரோமில் மூன்று வகை உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு 21-ஆவது குரோமோசோம் முழுதாக ஒன்று கூடுதலாக இருக்கும். சிலருக்கு அந்தக் கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். இதற்கு டிரான்ஸ்லொகேஷன் என்று பெயர். மிகச் சிலருக்கு எல்லா செல்களிலும் இருக்காது. ரிப்போர்ட்டில் டிரான்ஸ்லொகேஷன் என்று வந்தால் மட்டும் தாய், தகப்பன் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இது முக்கியம்.

ரிப்போர்ட்டின் மூலப் பிரதியை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பள்ளி, மருத்துவமனை, சான்றிதழ் என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். நகல்தான் கொடுக்க வேண்டும், மூலத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பதையும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. அதைக் காட்டிக் குழந்தைக்கு ஆதார் எடுங்கள், பிறகு ரேஷன் கார்டில் பெயர் சேருங்கள். மனசு சரியில்லாத நாட்களில் இந்த வேலைகள்தான் முதலில் நின்றுபோகும். பின்னால் வரும் எல்லா விண்ணப்பமும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. மாமா, சித்தப்பா என்று யாராவது ஒருவரிடம் இதை மட்டும் ஒப்படைத்துவிடலாம்.

2. இதயம், தைராய்டு, காது, கண்

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும். நெஞ்சில் சத்தம் கேட்கவில்லை என்றாலும் பிறந்த சில நாட்களிலேயே எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்துவிட வேண்டும். தனியாரில் 1,500 முதல் 3,000 ரூபாய், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசம். பெரிய ஓட்டையாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யச் சொல்வார்கள். 'குழந்தை கொஞ்சம் எடை ஏறட்டும்' என்று நாமாகத் தள்ளிப்போடக் கூடாது. நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிவிட்டால் அப்புறம் அறுவை சிகிச்சையே கைகூடாமல் போகலாம்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று இந்த மூன்றும் தேவை. வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்த பிறகு இதற்கு அலைவது கொடுமை. எக்கோவில் குறை என்று தெரிந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக: தைராய்டு பிறந்தவுடன், ஆறாம் மாதம், ஒரு வயதில், பிறகு ஆண்டுதோறும். காதுக்கு பெரா பரிசோதனை மூன்று மாதத்துக்குள். கண் ஆறு மாதத்துக்குள். ரத்த அணுக்கள் எண்ணிக்கை பிறந்த சில நாட்களுக்குள். தைராய்டு குறைவைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, 'இந்தக் குழந்தைகள் மந்தமாகத்தான் இருக்கும்' என்று சொல்லும் டாக்டர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த மந்தத்தில் ஒரு பங்கு மாத்திரையில் சரியாகிவிடும். காதில் நீர் கோத்திருந்தாலும் அப்படித்தான். கேட்காத குழந்தை எப்படிப் பேசும்?

எடை, உயரத்தை டவுன் சிண்ட்ரோமுக்கான தனி வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பொது வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் எப்போதும் கீழேதான் இருக்கும், நீங்கள்தான் தேவையில்லாமல் பயப்படுவீர்கள்.

ஓர் எச்சரிக்கை. ஸ்டெம் செல் ஊசி, மூளை வளர்ச்சி டானிக், மூலிகைப் பொடி என்று உங்களைத் தேடி வருவார்கள். கூடுதல் குரோமோசோமை எடுத்துவிட எந்த மருந்தும் இல்லை. லட்சக்கணக்கில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அந்தப் பணத்தில் பத்து வருடத்துக்குப் பயிற்சி கொடுக்கலாம்.

3. பாலூட்டுவதிலேயே பயிற்சி தொடங்குகிறது

இந்தக் குழந்தைகளுக்குத் தசைகள் தளர்வாக இருக்கும். உதடு மூடாது, நாக்கு வெளியே வரும், ரெண்டு வாய் குடிப்பதற்குள் தூங்கிவிடும். எங்களுக்கு ஒரு செவிலியர் அக்கா சொல்லிக்கொடுத்தது இது: குழந்தையைப் படுக்கவைக்காமல் தலை உயர இருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். மார்பைத் தாங்கும் கையின் கடைசி மூன்று விரல்கள் அடியில் இருக்கட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குழந்தையின் இரண்டு கன்னத்தையும் மெதுவாகத் தாங்கட்டும், தாடை அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் உட்காரும். பால் வழிவது குறையும், உறிஞ்சும் சத்தம் மாறுவது உங்களுக்கே கேட்கும். தூங்கினால் உள்ளங்காலை விரலால் தேய்த்து எழுப்புங்கள். அழும்போது கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், பசித்தாலும் அழாத குழந்தைகள் இவர்களில் நிறைய. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுங்கள்.

பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி மூன்றும் இலவசமாகக் கிடைக்கும் இடம் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். வாசலில் பெயர்ப்பலகை தேடினால் கண்ணில் படாது, குழந்தைகள் பிரிவில் 'டி.இ.ஐ.சி. எங்கே' என்று கேளுங்கள். மூன்று மாதம் ஆவதற்குள் பதிவு செய்துவிடுங்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கத்தார் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை விசாரிக்கலாம்.

தனியாரில் ஒரு அமர்வுக்கு 500 ரூபாய்க்குக் குறையாது. தினமும் போக வேண்டும் என்று சொல்லி மாதக் கட்டணம் முன்பணமாகக் கேட்பார்கள். பயிற்சியின் போது உங்களை உள்ளே விடாத இடத்தில் சேர்க்காதீர்கள். அங்கே நடப்பது முக்கால் மணி நேரம், மீதி நாள் முழுக்க வீட்டில் செய்யப்போவது நீங்கள்தான்.

4. வாயில் வரும் சொற்களைச் சீர் செய்யுங்கள்

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம் உண்டு. உங்கள் குழந்தையை ஊர் எப்படிக் கூப்பிடும் என்பதை முதல் சில மாதத்தில் நீங்கள் அறிமுகப்படுத்தும் விதம்தான் முடிவு செய்யும். அதைத் தள்ளிப்போட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

முதலில் பெயர், பிறகுதான் மற்றது. 'இது டவுன் சிண்ட்ரோம் குழந்தை' என்று சொல்லாமல், 'இவள் என் மகள், பெயர் இன்னது, இவளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது' என்று சொல்லுங்கள். 'நோய்' என்று நீங்களே சொல்லாதீர்கள், அப்புறம் 'எப்போ குணமாகும்?' என்ற கேள்வி கூடவே வரும். மற்றப் பிள்ளைகளை 'நார்மல் குழந்தைகள்' என்று சொல்லும் பழக்கத்தையும் விட வேண்டும். 'மற்றக் குழந்தைகள்' என்றாலே போதுமே.

'மங்கோலியன் பேபி' என்று இன்னும் சில வயதான டாக்டர்கள் சொல்வார்கள், சிலர் சீட்டிலும் எழுதிவிடுவார்கள். சண்டை வேண்டாம். 'சார், டவுன் சிண்ட்ரோம்னு எழுதிக் கொடுத்தா எங்களுக்கு உதவியா இருக்கும்' என்று கேளுங்கள், எழுதித் தருவார்கள்.

சொந்தக்காரர்களிடம் இரண்டு குற்றச்சாட்டு தயாராக இருக்கும். ஒன்று, சொந்தத்தில் கட்டியது. இன்னொன்று, கிரகணத்தன்று வெளியே வந்தது. இரண்டுக்கும் டவுன் சிண்ட்ரோமுக்கும் சம்பந்தமே இல்லை. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடுவது உண்மைதான். ஆனால் இளம் வயதில்தான் பிரசவங்கள் அதிகம் என்பதால், இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரின் அம்மாக்கள் 35 வயதுக்குக் கீழே இருப்பவர்கள்தான். இதைச் சொல்ல வேண்டியவர் கணவர். மாமியாரிடம் மருமகள் சொன்னால் அது வாக்குவாதம் ஆகும், 'அம்மா, டாக்டர் ரிப்போர்ட் இருக்கு, யார் மேலயும் தப்பு இல்ல, இனிமே இதைப் பேசாதீங்க' என்று மகன் சொன்னால் ஒரே நாளில் அடங்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் அடங்கியது.

'பாவம்' என்பதைக் கல்யாண வீட்டில்தான் அதிகம் கேட்பீர்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் குழந்தைக்கு மூன்று வயதிலேயே அந்தக் குரல் புரிந்துவிடுகிறது. பேச்சு வர நேரமாகும், புரிந்துகொள்வது அதற்கு முன்பே வந்துவிடும். 'என்ன பாவம் பெரியம்மா, இப்பதான் ரெண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டா, நீங்களே பேர் கேளுங்க, சொல்லுவா' என்று பேச்சைக் குழந்தையிடமே திருப்பிவிடுங்கள். 'தெய்வக் குழந்தை' என்று சொல்பவர்களிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பட்டத்தை நாங்கள் வீட்டில் பயன்படுத்துவதில்லை. தம்பியின் பென்சிலைப் பிடுங்கினால் அவளுக்கும் திட்டு உண்டு.

வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள்: லூசு, மெண்டல் என்ற வார்த்தைகள் வேடிக்கைக்குக்கூட வேண்டாம், டி.வி. பார்த்துக்கொண்டு யாரையாவது சொல்வது உட்பட. கூடப்பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வரிப் பதில் சொல்லிக்கொடுங்கள்: 'அக்கா கத்துக்க கொஞ்சம் நேரம் எடுத்துப்பா.' விளையாடப் போகும் இடத்தில் அந்த ஒரு வரி அவர்களைக் காப்பாற்றும்.

பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் போலீஸுக்குப் போகச் சொல்லவில்லை. பஸ்ஸிலோ பள்ளியிலோ வரம்பு மீறுபவரிடம் பிரிவின் எண்ணைச் சொன்னாலே குரல் இறங்கிவிடும்.

5. யு.டி.ஐ.டி. அட்டை

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை இது. எல்லாச் சலுகைக்கும் சாவி இதுதான். கட்டணம் கிடையாது. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இடையில் யாராவது 'நான் வாங்கித் தருகிறேன், ஆயிரம் கொடுங்கள்' என்றால் நகர்ந்துவிடுங்கள்.

வேண்டியவை: குழந்தையின் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, குரோமோசோம் ரிப்போர்ட், இதுவரை பார்த்த மருத்துவச் சீட்டுகள், பயிற்சிக்குப் போன அட்டை. ஆதாரில் உங்கள் செல்போன் எண் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ஆதாரிலும் பிறப்புச் சான்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இன்ஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்காகத் திருப்பி அனுப்புவார்கள்.

ஒரு வயது முடிந்த பிறகுதான் மாற்றுத்திறனாளி சான்றிதழ் தருவார்கள். ஐந்து வயது வரை 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்று தற்காலிகச் சான்று. ஐந்து வயதுக்குப் பிறகு அறிவுசார் குறைபாடு என்று வரும், அப்புறம் 10 வயதிலும் 18 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். குழந்தைகள் டாக்டர், மனநல டாக்டர், உளவியலாளர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கும். காலை எட்டு மணிக்குப் போனால் மதியத்துக்குள் வரலாம். தயிர் சாதமும் ஒரு மாற்றுத் துணியும் எடுத்துப் போங்கள்.

நிறையப் பெற்றோர் சறுக்குவது உளவியலாளர் அறையில். வைன்லேண்ட் என்ற அளவுகோலை வைத்து அவர் கேள்வி கேட்பது குழந்தையிடம் இல்லை, உங்களிடம். தானாகச் சாப்பிடுவாளா? சட்டைப் பொத்தான் போடுவாளா? கக்கூஸ் போகச் சொல்வாளா? தனியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய் வருவாளா? நமக்கோ பெருமை. எப்போதோ ஒருநாள் செய்ததை நினைத்து எல்லாவற்றுக்கும் 'செய்வா சார்' என்று தலையாட்டுவோம். மதிப்பெண் 70-ஐத் தாண்டினால் சான்றிதழில் குறைபாடு 25 சதவீதம் என்று விழும். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் உதவித்தொகை முதல் பள்ளி உரிமை வரை பலதும் கைவிட்டுப் போகும். பொய் சொல்ல வேண்டாம். யாரும் சொல்லாமல், யாரும் கை கொடுக்காமல், தினமும் செய்கிறாளா என்று உங்களையே கேட்டுப் பதில் சொல்லுங்கள். 'இட்லி தானாகச் சாப்பிடுவா, சாதம் பிசைஞ்சு கொடுக்கணும்' என்பது மாதிரியான பதில்தான் சரியான பதில்.

அந்த அறையில் குழந்தையால் முடியாததையெல்லாம் அடுக்க வேண்டியிருக்கும். அதை அவள் முன்னால் சொல்லாதீர்கள். அவளைப் பார்த்து முடித்ததும் தாத்தாவோ அத்தையோ வெளியே கூட்டிப் போகட்டும்.

படிவங்களில் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்ற பழைய சொல் இன்னும் அச்சாகி வரும். அதற்காகக் கவுன்ட்டரில் மல்லுக்கட்டினால் விண்ணப்பம்தான் நிற்கும். அச்சிட்ட கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள், நீங்கள் கைப்பட எழுதும் கடிதத்தில் உங்கள் சொல்லை எழுதுங்கள்.

6. பணமாகவும் சலுகையாகவும் வருபவை

பராமரிப்பு உதவித்தொகை: 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். யு.டி.ஐ.டி., ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், புகைப்படம் போதும். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும். அதனால் விண்ணப்பம் கொடுத்ததற்கு ரசீதோ பதிவு எண்ணோ வாங்காமல் வராதீர்கள். வந்துகொண்டிருந்த பணம் நின்றுவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் சான்று கொடுக்காததுதான் காரணமாக இருக்கும்.

நிரமயா காப்பீடு: மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. சேரும்போது வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 250, மற்றவர்களுக்கு 500 ரூபாய். முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. பயிற்சிச் செலவுக்கும் ஓரளவு கிடைக்கும் என்பதுதான் இதன் சிறப்பு. செலவு செய்துவிட்டுத்தான் கேட்க முடியும், ஆகவே தெரபி சென்டரில் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ரசீது வாங்குங்கள். காப்பீட்டு ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி முடிந்துவிடும், பிப்ரவரியில் சேர்ந்தாலும் அப்படித்தான். ஏப்ரலில் சேர்ந்தால் முழு வருடம் கிடைக்கும்.

பயணம்: சாதாரண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் உடன் வருபவருக்கும் இலவசம். ரயிலில் இருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி.யில் 75 சதவீதம் குறையும், இரண்டடுக்கு ஏ.சி.யில் 50 சதவீதம். இதற்கு அரசு டாக்டரிடம் ரயில்வே படிவத்தில் கையெழுத்து வாங்கி, ரயில்வேயின் தனி அட்டை எடுக்க வேண்டும்.

வருமான வரி கட்டுபவர்கள் பழைய முறையில் வருமானத்திலிருந்து 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. புதிய முறையில் இது இல்லை.

7. பள்ளி

மாற்றுத்திறனாளி என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க அரசுப் பள்ளிக்கும், அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிக்கும் உரிமை இல்லை. 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கும் உரிமை உண்டு. நடைமுறையில் 'எங்களிடம் வசதி இல்லை, உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறோம்' என்று வழியனுப்புவார்கள். 'சரி மேடம், அதை எழுத்தில் கொடுங்கள்' என்று ஒரு வார்த்தை. பல இடங்களில் அதற்குப் பிறகுதான் விண்ணப்பம் வெளியே வரும். ஆனால் சண்டை போட்டு நுழைந்த பள்ளியைவிட, முதல் நாள் குழந்தையிடம் நேராகப் பெயர் கேட்ட தலைமையாசிரியர் இருக்கும் பள்ளியே நல்லது என்பது என் கருத்து. அது பெரும்பாலும் பக்கத்துத் தெரு அரசுத் தொடக்கப் பள்ளியாக இருக்கும்.

சேர்ந்ததும் எமிஸ் எனப்படும் அரசின் மாணவர் விவரப் பதிவில் சிறப்புத் தேவையுடைய குழந்தை என்று பதிந்தார்களா என்று கேளுங்கள். பதிந்தால்தான் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார். பத்தாம் வகுப்பில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்கும் முன்கூட்டியே விண்ணப்பம் வைக்க வேண்டும், தேர்வுக்கு முந்தைய மாதம் போய் நிற்காதீர்கள்.

வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். சான்றிதழில் இருப்பதை அதில் எழுதாதீர்கள். நாங்கள் எழுதியது கிட்டத்தட்ட இப்படி: 'ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். வாயால் சொல்வதோடு கையால் காட்டினால் உடனே செய்வாள். பதில் சொல்லப் பத்து எண்ணும் நேரம் கொடுங்கள். குட்டிக்கரணம் போடவைக்க வேண்டாம், கழுத்து எலும்பு இணைப்பு தளர்வாக இருக்கலாம். அவளைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் அவள் முன்னாலேயே, அவளையும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள். மிஸ் எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படித்தான் வகுப்பும் கூப்பிடும்.' அந்தக் கடைசி வரிக்கு டீச்சர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் அதை அடுத்த வகுப்பு டீச்சருக்கும் காட்டியிருக்கிறார்.

8. பதினெட்டு வயதுக்கு முன்பே

18 வயது வரை பெற்றோர்தான் இயல்பான பாதுகாவலர். அதற்குப் பிறகு வங்கி, சொத்து விஷயங்களில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் செல்லாது. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவில் சட்டப்பூர்வ பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். யு.டி.ஐ.டி., பிறப்புச் சான்று, பெற்றோரின் அடையாளச் சான்றுகள் வேண்டும். கூடப்பிறந்தவர்களின் சம்மதக் கடிதமும் கேட்கலாம். அதற்கு முன் யோசிக்க ஒன்று உண்டு: எந்த விஷயத்துக்குப் பாதுகாவலர் தேவை, எதை உங்கள் பிள்ளையே முடிவு செய்ய முடியும்? சிறு தொகை எடுப்பது, கையெழுத்துப் போடுவது ஆகியவற்றை பதினைந்து வயதிலிருந்தே பழக்கினால் பாதுகாவலரிடம் போகும் வேலை குறையும்.

அரசு ஊழியர்கள் தங்கள் பணிப் பதிவேட்டில் பிள்ளையின் விவரத்தையும் சான்றிதழையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். குடும்ப ஓய்வூதியம் பின்னாளில் அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க வர இதுதான் ஆதாரம். உள்ளூர்க் குழு பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், அதனால் பதினேழரை வயதிலேயே விண்ணப்பப் படிவத்தை வாங்கி நிரப்பி, நகல்களைச் சேர்த்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.